சாதாவா, விசேஷமா?

“ஸார், சாதாவா, பிரீமியமா?”

பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தி டாங்கியின் மூடியைத் திறந்ததும் நம்மை எதிர்கொள்ளும் முதற் கேள்வி இது. கேட்கிற பையனுக்கு இருபது வயதுகூட ஆகியிராது. அவன் வேலை கேட்பது, கேட்கிறான். ஆனால் அந்தக் கேள்வி நம் செவியில் வந்து விழும்போது வேறு அர்த்தம் பெற்றுவிடுகிறது. விருந்தாளியை அழைத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போயிருக்கும் சமயத்தில், “சாதா தோசையா, நெய் ரோஸ்டா?” என்று பரிமாறுகிறவர் உரக்கக் கேட்டால் நமக்கு என்ன நேர்கிறதோ, அதுவேதான் இங்கும் நேர்கிறது. பின் ஸீட்டில் மைத்துனர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு புதுக் கார் வந்து நிற்கிறது. “சாதா” என்று சொல்ல நாக்கு கூசுகிறது. “சரி, பிரீமியமே போடப்பா” என்று சொல்லிவிடுகிறோம்.

இப்படிக் கூச்சத்தினால் செலவாகும் பணம் எவ்வளவு, பக்தியினால் செலவாகும் பணம் எவ்வளவு, உண்மையான அவசியத்தினால் செலவாகும் பணம் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம். வடக்கனந்தலில் உட்கார்ந்துகொண்டு பெட்ரோலைப் பற்றி எழுதுவதற்கு நமக்கு என்ன அருகதை என்று நேயர்கள் கேட்கலாம். மேற்கே கல்வராயன் மலை. அடிவாரத்தில் கோமுகி அணை. பக்கத்திலேயே கச்சிராயபாளையத்தில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. மலை ஏறுகிற வண்டியும் கரும்பு ஏற்றிய வண்டியும் ஓயாமல் போய் வருகிற ஊர் இது. இக்காலத்துப் பெட்ரோலின் கதையில் மலைக்கும் பங்கு உண்டு, கரும்புக்கும் பங்கு உண்டு. எப்படி என்பதைப் போகப் போகச் சொல்லுகிறோம்.

மலை வழியில் கற்ற பாடம்

முதலில் நம்முடைய அசட்டுத்தனத்தை ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது. பிறருக்குப் புத்தி சொல்லுகிறவன் தன் கணக்கை முதலில் காட்டவேண்டும் அல்லவா?

நம்மிடம் இருப்பது ஒரு பழைய சிறிய கார். இரண்டாம் கையாக வாங்கியது. 2022-ஆம் ஆண்டுக் கோடையில் அது ஒரு புதுப் பழக்கத்தை மேற்கொண்டது. சமதரையில் ஒழுங்காக ஓடும். மேட்டில் ஏறும்போது மட்டும் எஞ்சினுக்குள்ளிருந்து ‘டக், டக், டக்’ என்று ஒரு சப்தம் கிளம்பும். தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினால் எப்படி இருக்குமோ, அப்படி. விஷயம் தெரிந்த சிநேகிதர் ஒருவரிடம் சொன்னோம். “அது நாக்கிங் ஸார்! பெட்ரோல் மட்டமாயிருக்கும். பிரீமியம் போட்டுப் பாருங்கள், மாயமாய் மறைந்துவிடும்” என்றார்.

போட்டோம். சப்தம் மறைந்தது என்று சொல்ல முடியாவிட்டாலும் வெகுவாகக் குறைந்தது. நமக்கு உண்டான சந்தோஷத்துக்கு அளவே இல்லை. மூன்று மாத காலம் விசேஷ பெட்ரோலைத் தவிர வேறொன்றையும் வண்டிக்குக் காட்டவில்லை. மாதம் 40 லிட்டர். லிட்டருக்கு எட்டு ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 320 ரூபாய். மூன்று மாதத்துக்கு 960 ரூபாய். நம் வீட்டு எஜமானி கணக்கு நோட்டில் அந்தத் தொகையைத் தனியாக எழுதி, எதிரே ஒரு கேள்விக்குறியும் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கேள்விக்குறியை நாம் கவனிக்காதது போல் இருந்துவிட்டோம்.

மூன்றாவது மாத முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெள்ளிமலைக்குப் புறப்பட்டோம். பாதி மலை ஏறியிருப்போம். எஞ்சினுக்கு முன்புறத்திலிருந்து புகை போல் ஆவி கிளம்பிற்று. உஷ்ணமானியின் முள் சிவப்புக் கோட்டையும் தாண்டி நின்றது. வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினோம். பொழுது சாய்கிற நேரம். குழந்தைகள் பயந்துவிட்டார்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கையை நீட்டினோம். அந்தச் சமயத்தில் தலையில் விறகுக் கட்டுடன் வந்த மலைவாசிப் பெரியவர் ஒருவர், “தொடாதே சாமி! பொங்கி மூஞ்சியிலே அடிக்கும். வண்டிக்கு மேலு சுடுதில்லே, ஆறட்டும்” என்று தடுத்தார். அப்படிக் கொதிக்கும் ரேடியேட்டரைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் பலர் என்பது பிறகு தெரிந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அவரே ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். வெள்ளிமலையைப் பார்க்காமலேயே மெல்ல இறங்கி வீடு வந்து சேர்ந்தோம்.

மறுநாள் மெக்கானிக் பார்த்தார். ரேடியேட்டருக்குப் போகும் ரப்பர்க் குழாயில் மயிரிழை போன்ற வெடிப்பு. அதன் வழியே நாள்தோறும் சிறிது சிறிதாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. தண்ணீர் குறையவே எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாயிற்று. சூடு மிகவே தட்டிற்று. போதாக்குறைக்கு இரண்டாவது கியரில் ஏறவேண்டிய மேட்டில் மூன்றாவது கியரில் நாம் பிடிவாதமாக ஏறியிருக்கிறோம். குழாய்க்கும் கூலிக்கும் சேர்த்து 350 ரூபாய்.

ஆக, 350 ரூபாய் நோய்க்கு 960 ரூபாய் மருந்து கொடுத்திருக்கிறோம். அந்த மருந்தும் நோயைத் தீர்க்காமல் அதன் குரலை மட்டும் அடக்கி வைத்தது. தலைவலி என்று தினம் ஒரு மாத்திரையை விழுங்கிக் கண் கோளாறைக் கவனியாமல் விடுகிறவனுடைய கதைதான். மருந்தைப் பற்றிப் பேசும் அதிகாரத்தில் வள்ளுவர் நோயையும் அதன் காரணத்தையும் முதலில் ஆராயும்படி சொல்லியிருக்கிறார். அதை வகுப்பில் வருஷந்தோறும் பாடம் சொல்லுகிற நமக்கே மலையில் நின்றபோதுதான் அர்த்தமாயிற்று.

ஆக்டேன் என்பது என்ன?

அன்று முதல் இந்தப் பெட்ரோல் விவகாரத்தைத் தீர விசாரிக்கவேண்டும் என்று சங்கற்பம் செய்துகொண்டோம். விசாரித்ததில் தெரிந்ததை இயன்றவரை எளிய நடையில் சொல்லுகிறோம்.

எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து உருளைக்குள் புகுகின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையைப் பல மடங்கு அமுக்குகிறது. பழைய காலத்து எஞ்சின்களில் ஏழெட்டு மடங்கு. இக்காலத்துச் சிறு கார்களில் பத்து, பதினொரு மடங்கு. அமுக்கிய கலவைக்குப் பிளக் ஒரு பொறி வைக்கிறது. தீ ஒரு முனையில் பிடித்து மறுமுனை வரையில் ஒழுங்காகப் பரவவேண்டும். தீபாவளிச் சரவெடியை ஒரு முனையில் பற்றவைத்தால் வரிசையாக வெடித்துக்கொண்டே போகிறது பாருங்கள், அப்படி. ஆனால் காற்றை அமுக்கினால் சூடேறும் என்பது சைக்கிளுக்குக் காற்றடித்த எல்லாருக்கும் தெரியும். அமுக்கத்தினாலும் சூட்டினாலும் மறுமுனையில் இருக்கும் கலவை, தீ தன்னிடம் வந்து சேருமுன் தானாகவே தீப்பிடித்துவிட்டால், சரம் நடுவிலிருந்தும் கடைசியிலிருந்தும் ஏககாலத்தில் வெடித்த கதையாகிவிடும். அந்த அதிர்ச்சியே ‘டக், டக்’ என்ற சப்தம். நாளடைவில் பிஸ்டனையே சேதப்படுத்தக்கூடியது அது.

முறை வருமுன் தீப்பிடிக்காமல் பொறுத்திருக்கும் குணத்தை அளக்கும் எண்ணே ஆக்டேன் எண். 1926-ஆம் ஆண்டில் கிரஹாம் எட்கர் என்ற அமெரிக்க ரசாயனி இந்த அளவுகோலை வகுத்தார். ஹெப்டேன் என்ற திரவம் சிறிதும் பொறுமை இல்லாதது, அதற்குப் பூஜ்யம். ஐஸோ ஆக்டேன் என்பது நல்ல பொறுமைசாலி; அதற்கு 100. ஒரு பெட்ரோலுக்கு ஆக்டேன் 95 என்றால், 95 பங்கு ஐஸோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் கலந்த கலவைக்கு எவ்வளவு பொறுமை உண்டோ, அவ்வளவு அதற்கு உண்டு என்று பொருள்.

இங்கேதான் நம்மவர் பலர் ஏமாறுகிறார்கள். எண் பெரிதானால் பலமும் பெரிது என்று எண்ணிவிடுகிறார்கள். ஆக்டேன் பொறுமையின் அளவு. பலத்தின் அளவு அன்று. கோபம் வராத வாத்தியாரைப் போக்கிரிப் பிள்ளைகள் நிறைந்த வகுப்புக்கு அனுப்பினால் பிரயோஜனம் உண்டு. பரம சாதுக்களான பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அவருடைய பொறுமைக்கு என்ன வேலை? அதிகமாக அமுக்கும் எஞ்சினுக்கும், டர்போ பொருத்திய எஞ்சினுக்கும் பொறுமை மிகுந்த பெட்ரோல் வேண்டும். கொடுக்காவிட்டால், இக்காலத்து வண்டிகளில் தட்டும் சப்தத்தைக் கேட்டறியும் கருவி ஒன்று பொறி வைக்கும் நேரத்தைத் தள்ளிவைத்து எஞ்சினைக் காப்பாற்றும். ஆனால் வேகமும் மைலேஜும் சற்றுக் குறையும். 91 போதும் என்று கட்டப்பட்ட சாதாரண எஞ்சினுக்கோ 95-ஐ ஊற்றினாலும் 100-ஐ ஊற்றினாலும் அதனால் புதிய பலம் எதுவும் வந்துவிடாது.

இது நம்முடைய சொந்த அபிப்பிராயம் மட்டும் அல்ல. அமெரிக்காவின் மோட்டார்ச் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016-ஆம் ஆண்டில் சோதனை நடத்தி, சாதாப் பெட்ரோல் போதும் என்று கட்டிய கார்களில் விசேஷ பெட்ரோலை ஊற்றியதால் பலமோ மைலேஜோ கூடவில்லை, புகையும் குறையவில்லை என்று அறிவித்தது. அதற்கு முந்திய ஓராண்டில் 1 கோடியே 65 லட்சம் அமெரிக்கர்கள் இவ்வாறு அநாவசியமாக ஊற்றி 210 கோடி டாலரை வீணாக்கினார்கள் என்றும் கணக்குச் சொல்லிற்று. படித்தவர்கள் நிறைந்த தேசத்தின் கதியே இது! (அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அங்கே பங்கில் 87 என்று எழுதியிருப்பதைக் கண்டு மட்டம் என்று நினைக்கவேண்டாம். அவர்கள் எண்ணும் முறை வேறு; அந்த 87 நம்முடைய 91-க்குக் கிட்டத்தட்டச் சமம்.)

ஈயமும் ஸாராயமும்

பெட்ரோலுக்குப் பொறுமையை எப்படி ஊட்டினார்கள் என்பது ஒரு சோக சரித்திரம். 1921 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் தாமஸ் மிட்ஜிலி என்பவர், பெட்ரோலில் ஈயச் சரக்கு ஒன்றைச் சிறிதளவு கலந்தால் தட்டும் சப்தம் நின்றுவிடுகிறது என்று கண்டார். ஸாராயத்தைக் கலந்தாலும் அதே பலன் உண்டு என்பது அக்காலத்திலேயே தெரிந்திருந்தது. ஆயினும் ஈயமே வென்றது. உலகமெங்கும் மோட்டார்ப் புகையோடு ஈய விஷமும் தெருக்களில் பரவிற்று; குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது என்று வைத்தியர்கள் ஸந்தேகமறச் சொல்லும் வரையில் பல பத்து ஆண்டுகள் கழிந்தன. நம் தேசத்தில் 1995-இல் நான்கு மாநகரங்களில் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. 2000 பிப்ரவரி முதல் தேசம் முழுவதும் ஈயம் ஒழிந்தது. உலகில் கடைசியாக ஒழித்த தேசம் அல்ஜீரியா, 2021-இல்.

அன்று பின்னுக்குத் தள்ளப்பட்ட ஸாராயம் இப்போது முன்வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. அதன் பெயர் எத்தனால். இங்கேதான் நம் ஊர்க் கரும்பின் பங்கு வருகிறது. கரும்பைப் பிழிந்து சர்க்கரை எடுத்தபின் மிஞ்சுவது மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு. அதைப் புளிக்கவைத்துக் காய்ச்சி, நீரை அறவே நீக்கினால் எத்தனால் கிடைக்கிறது. இப்போது மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் பெருமளவில் எடுக்கிறார்கள்.

பெட்ரோலில் ஸாராயம் கலப்பது புது யோசனை என்று எண்ணவேண்டாம். சுதந்திரம் வந்த மறு வருஷமே, 1948-இல், இந்தியப் பவர் ஆல்கஹால் சட்டம் என்று ஒரு சட்டம் இதற்காகவே இயற்றப்பட்டது. அன்றைய பெரியவர்களுக்கு யுத்த கால அநுபவம் பசுமையாக இருந்தது. பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, பஸ்களின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டிய காலம் அது. அதற்கும் முன்னே, 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு போட்டுக் கொளுத்தியதை நம் பாட்டிமார் கதையாகச் சொல்லுவார்கள். அந்நிய தேசத்து எண்ணெயை நம்பியிருக்கும் தேசத்தின் குடுமி பிறர் கையில் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அந்தச் சட்டம் பெரிதாக எதையும் சாதிக்காமலே 2000-இல் நீக்கப்பட்டது என்பது வேறு விஷயம். நமக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்குக்குமேல் இன்றும் வெளிநாட்டிலிருந்தே வருகிறது. ஆகவே 2022 நடுவில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் என்றும், 2023 பிப்ரவரியிலிருந்து படிப்படியாக இருபது பங்கு என்றும் கலப்பு ஏறிற்று. 2025-இல் தேசம் முழுவதும் அந்த இருபது வந்து சேர்ந்துவிட்டது.

இதன் விளைவு இரண்டு. இரண்டையும் குடும்பஸ்தர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது: எத்தனாலுக்குப் பொறுமை அதிகம், அதன் ஆக்டேன் நூறுக்கும் மேல். ஆகையால் முன்னே 88 ஆகவும் பின்பு 91 ஆகவும் இருந்த சாதாப் பெட்ரோலின் ஆக்டேன், இருபது பங்கு கலப்புக்குப் பிறகு 95 ஆகிவிட்டது. சர்க்கார் விதித்த தரமே அதுதான். அப்படியானால் ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுத்து ‘95’ என்று வாங்குகிறவர், ஆக்டேனைப் பொறுத்தவரையில், பக்கத்துக் குழாயில் சாதா விலைக்கு வரும் அதே எண்ணைத்தான் வாங்குகிறார்! 2022-இல் நாம் வாங்கியபோதாவது 91-க்கும் 95-க்கும் நாலு எண் வித்தியாசம் இருந்தது.

இரண்டாவது: எத்தனாலுக்குப் பொறுமை அதிகமே தவிர, சக்தி குறைவு. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான். அதனால் மைலேஜ் சற்றுக் குறையத்தான் செய்யும். எத்தனாலே இல்லாத பெட்ரோலுக்கென்று கட்டிப் பத்துப் பங்குக் கலப்புக்குச் சீர்செய்த கார்களில் நூற்றுக்கு ஆறு ஏழு பங்கும், இருசக்கர வண்டிகளில் மூன்று நாலு பங்கும் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட திட்ட அறிக்கையே ஒப்புக்கொள்ளுகிறது. கலப்பில்லாத பெட்ரோலும் பங்கில் கிடைக்கவேண்டும் என்று கேட்டு ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்தது.

நாம் கரும்பு விளையும் சீமையில் இருப்பவர்கள். சுதேசிப் பொருள் நம் வண்டியில் எரிவதில் நமக்குச் சந்தோஷமே. ஆனால் சுதேசியம் என்பது வாங்குகிறவனிடம் உண்மையை மறையாமல் சொல்லுவதையும் சேர்த்ததுதான். “இதில் இருபது பங்கு எத்தனால், இன்ன வண்டிக்குத் தகும், மைலேஜ் இவ்வளவு குறையலாம்” என்று ஒவ்வொரு பங்கிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி வைப்பதால் யாருக்கும் நஷ்டம் வந்துவிடாது. கதர் விற்றவர்கள் அதை மில் துணி என்று சொல்லி விற்கவில்லையே!

பால்காரத் தம்பியின் கணக்கு

நம் தெருவுக்குப் பால் ஊற்றும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஒரு காலத்தில் நம்மிடம் படித்தவர். பழைய மோட்டார் சைக்கிளில் இரண்டு பக்கமும் கான்களைக் கட்டிக்கொண்டு தினம் ஒரு லிட்டர் பெட்ரோல் செலவழிக்கிறார். விடியற்காலையில் பங்கில் அவரைச் சந்தித்தோம். விசேஷ பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனப்பா, இந்த வண்டிக்கு இது எதற்கு?” என்றோம்.

“வண்டிதானே ஸார் சோறு போடுது. அதுக்குப் போடறதுல கணக்குப் பாக்கலாமா? சாமிக்குப் படைக்கிறப்போ கணக்கா பாக்கறோம்?” என்றார்.

இந்தப் பதிலுக்கு எதிரே நமக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. கூச்சத்தினால் செலவு செய்கிற நம்மைவிட பக்தியினால் செலவு செய்கிற அவர் எவ்வளவோ மேல். ஆனால் பக்திக்கும் விலை உண்டு. நாளுக்கு எட்டு ரூபாய் என்றால் வருஷத்துக்கு ஏறக்குறைய 2,900 ரூபாய். அதை அவரிடம் சொல்லி, ஒரு யோசனையும் சொன்னோம்: “ஒரு மாதம் இதையே போடு, மறு மாதம் சாதா போடு. ஒவ்வொரு தடவையும் டாங்கியை நிரம்ப நிரப்பி, எத்தனை கிலோமீட்டர் ஓடிற்று, மறுபடி நிரம்ப எத்தனை லிட்டர் பிடித்தது என்று எழுதி வை. நம் வார்த்தையை நம்பாதே. வண்டியின் வார்த்தையை நம்பு.”

கெட்டிக்காரர். பால் கணக்கு எழுதும் நோட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தார். இரண்டு மாதக் கணக்குக்கும் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் வித்தியாசம்கூட இல்லை. இப்போது சாதாவே போடுகிறார். மிச்சமாகும் பணத்தில் எஞ்சின் ஆயிலைக் காலம் தவறாமல் மாற்றுகிறார். காற்று வடிகட்டியைச் சுத்தம் செய்கிறார். “சாமிக்கு என்ன பிடிக்கும்னு தெரிஞ்சுக்காமப் படைச்சிட்டிருந்தேன் ஸார்” என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

கார் வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கைச் செய்து பார்க்கலாம். லிட்டர் 100 ரூபாய். வண்டி 16 கிலோமீட்டர் ஓடுகிறது. அப்படியானால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 25 காசு. 108 ரூபாய்ப் பெட்ரோல் அதே செலவில் ஓடவேண்டுமானால் லிட்டருக்கு 17 கிலோமீட்டருக்கு மேலேயே, அதாவது 17.28, ஓடியாகவேண்டும். ஓடுகிறதா என்று ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் விவாதம் தீர்ந்தது.

எவருக்கு எது?

விசேஷ பெட்ரோலில் ஒன்றுமே இல்லை என்று நாம் சாதிக்க வரவில்லை. எஞ்சினுக்குள் கரி படியாமல் சுத்தப்படுத்தும் மருந்துச் சரக்குகள் அதில் சேர்க்கப்படுகின்றன. சுத்தம் செய்யும் சரக்குக்குப் பலன் உண்டு என்று அதே அமெரிக்கச் சங்கம் 2016-இல் வேறொரு சோதனையில் கண்டிருக்கிறது. ஆனால் சுத்தம் வேறு, ஆக்டேன் வேறு. அந்தத் தேசத்தில் உயர்ந்த சுத்தத் தரம் பெற்ற கம்பெனிகள் அந்தச் சரக்கைச் சாதாப் பெட்ரோலிலும் கலந்தே ஆகவேண்டும். நம் ஊரிலும் அப்படி வந்தால் நல்லது. 2020 டிசம்பரில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலை வெளியிட்டபோது டில்லியில் லிட்டர் 160 ரூபாய். அது பெரும் விலையுள்ள பந்தய ஜாதி வண்டிகளுக்கு உரியது. நம் போன்றவர்கள் அதைத் தூரத்திலிருந்து தரிசித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஆகவே நாம் செய்யவேண்டியவை இவை. வண்டியோடு கொடுத்த கைப்புத்தகத்தைத் தேடி எடுங்கள். பெரும்பாலும் பிரித்துக்கூடப் பார்க்காமல் டாஷ்போர்டுக்குள்ளேயே கிடக்கும். பெட்ரோல் மூடியின் உட்புறத்திலும் எழுதியிருக்கலாம். 91 என்றிருந்தால் சாதாவே சரி. 95 ‘கட்டாயம்’ என்றிருந்தால் அதற்குக் குறைந்ததை ஊற்றாதீர்கள். பங்கில் உள்ள குழாயில் என்ன ஆக்டேன், எத்தனை பங்கு எத்தனால் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விலை அதிகம் என்ற ஒரே காரணத்தால் அதில் எத்தனால் இராது என்று எண்ணிவிடவேண்டாம்.

2023 ஏப்ரலுக்கு முந்திய வண்டியானால் ரப்பர்க் குழாய்களிலும் வாஷர்களிலும் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒரு முறையேனும் பார்க்கச் சொல்லுங்கள். எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கக்கூடியது. அது நீரையும் ஈர்க்கும். ஆகையால் மழைக்காலத்தில் டாங்கியைக் காலியாக வைத்து வண்டியை வாரக்கணக்கில் நிறுத்தி வைக்காதீர்கள். எஞ்சின் தட்டினால் முதலில் தண்ணீரையும், பிறகு பிளக்கையும், நீங்கள் போடும் கியரையும் பாருங்கள். டயரில் காற்றுக் குறைந்தால் மைலேஜ் குறையும். காற்றுக்கு ஆகும் செலவோ அற்பம்.

பெட்ரோலில் சந்தேகம் தோன்றினால் கூச்சமின்றி வடிகட்டும் தாளைக் கேளுங்கள். ஒரு சொட்டு விட்டால் கறையின்றி உலரவேண்டும். அளவில் சந்தேகமானால் ஐந்து லிட்டர் முத்திரைப் படியில் அளந்து காட்டச் சொல்லுங்கள். கேட்பது நம் உரிமை. காட்டுவது அவர்கள் கடமை.

சென்ற மாதம் மறுபடி வெள்ளிமலைக்குப் புறப்பட்டோம். சாதாப் பெட்ரோல், புதுக் குழாய், இரண்டாவது கியர். வழியில் பங்கில் அந்தப் பையன் வழக்கம் போல், “சாதாவா, பிரீமியமா?” என்று கேட்டான். மைத்துனர் பின் ஸீட்டில்தான் இருந்தார்.

“சாதா!” என்றோம், அடுத்த வண்டிக்காரருக்கும் கேட்கும்படியாக.

இம்முறை மலை உச்சி வரையில் போய்ச் சேர்ந்தோம். வீட்டு எஜமானியின் கணக்கு நோட்டில் அந்த மாதம் கேள்விக்குறி எதுவும் இல்லை.